கை செய்வதும் வாய் சொல்வதும்

கைரோபிராக்டிக் அறிவியல்தானா என்று கேட்டால் இரண்டு தரப்பிலிருந்து பதில் வரும். இரண்டு தரப்பின் கையிலும் ஆய்வுக் கட்டுரைகள் இருக்கும். ஒருவர் இடுப்புவலிக்கு அது ஓரளவு உதவுகிறது என்று காட்டும் ஆய்வுகளை எடுத்துப் போடுவார். மற்றவர் ஆஸ்துமாவுக்கும் கைக்குழந்தையின் ஓயாத அழுகைக்கும் அது உதவவில்லை என்று காட்டும் ஆய்வுகளை எடுத்துப் போடுவார். வேடிக்கை என்னவென்றால் இருவர் சொல்வதும் சரி. ஒரே பெயருக்குள் இரண்டு வெவ்வேறு கூற்றுகள் குடியிருப்பதால் வந்த வழக்கு இது. முதுகைக் கையால் அழுத்தித் திருகிவிட்டால் சிலவகை வலி குறையும் என்பது முதல் கூற்று. உடம்பின் நோய்களில் பெரும்பாலானவை முதுகுத்தண்டின் இடப்பிசகால் வருகின்றன, அதைச் சரிசெய்தால் நோய் விலகும் என்பது இரண்டாவது. முதலாவது கை செய்யும் வேலை, இரண்டாவது வாய் சொல்லும் விளக்கம். நூற்றிருபது வருடத்துக்கும் மேலான இந்தச் சர்ச்சையைக் கூர்ந்து பார்த்தால், வாய் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் கைதான் சாட்சிக்கு அழைக்கப்பட்டிருக்கிறது.

கதை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான டேவன்போர்ட்டில் தொடங்குகிறது. கனடாவில் பிறந்த டேனியல் டேவிட் பால்மர் அங்கே காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தார். 1895 செப்டம்பர் 18 அன்று, அவர் இருந்த கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டின் முதுகில் புடைத்திருந்த ஒரு முள்ளெலும்பைத் தள்ளி உள்ளே சேர்த்ததாகவும், 17 வருடமாகக் காது மந்தமாக இருந்த லில்லார்டுக்குக் கேட்கும் திறன் திரும்பியதாகவும் பால்மர் எழுதிவைத்தார். லில்லார்டின் மகள் பின்னாளில் சொன்ன கதை வேறு: ஏதோ நகைச்சுவைக்குச் சிரித்த பால்மர் அவருடைய முதுகில் தட்டினார், அதற்குப் பிறகு காது கொஞ்சம் தெளிந்தது. எது நடந்திருந்தாலும் உடற்கூறு ஒன்றுதான். காதிலிருந்து ஒலியை எடுத்துச் செல்லும் நரம்பு உள்காதிலிருந்து நேராக மூளைத்தண்டுக்குப் போய்விடுகிறது. அந்தப் பயணம் முழுவதும் மண்டையோட்டுக்கு உள்ளேயே முடிந்துவிடும், முதுகுப் பக்கம் அது இறங்குவதே இல்லை. பால்மர் அங்கே நிற்கவில்லை. நோய்களில் 95 சதவீதம் முள்ளெலும்புகளின் பிசகால் வருபவை என்றார். அந்தப் பிசகுக்குச் சப்லக்சேஷன் என்று பெயர். உடலை ஆளும் உள்ளார்ந்த அறிவு ஒன்று நரம்புகள் வழியாக ஓடுகிறது என்றும், பிசகிய எலும்பு அந்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்றும் விளக்கினார். கிரேக்கத்தில் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து கைரோபிராக்டிக் என்ற பெயர் வந்தது. தமிழில் எழுதும்போது அதன் முதலெழுத்தே கை என்று விழுவது தற்செயல், ஆனால் பொருத்தமான தற்செயல்.

முதலில் விளக்கத்தைச் சோதிப்போம். முள்ளெலும்பு சிறிது நகர்ந்தால் நரம்பு நசுங்குமா? யேல் பல்கலைக்கழக உடற்கூறியலாளர் எட்மண்ட் கிரெலின் இதை நேரடியாகவே அளந்து பார்த்தார். இறந்து சில மணி நேரமே ஆன உடல்களின் முதுகுத்தண்டுகளை எடுத்து, அவற்றைத் திருகியும் வளைத்தும், எலும்பு எப்போது நரம்பைத் தொடுகிறது என்று பதிவு செய்தார். 1973இல் வெளியான முடிவு இது: நரம்பைத் தொடும் அளவுக்கு முள்ளெலும்பு நகர வேண்டுமானால் தண்டே உடையும் அளவுக்கு விசை வேண்டும். இறந்த உடலில் செய்த சோதனை உயிருள்ள முதுகுக்குப் பொருந்தாது என்று கைரோபிராக்டர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பைக் கொஞ்சம் மதிக்கலாம். உயிருள்ளவர்களிடமும் நரம்பு வேர் நசுங்குவது உண்டு, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கும்போது அதைப் பார்க்கிறோம். ஆனால் அப்போது வருவது காலில் இறங்கும் வலி, மரமரப்பு, தசைப் பலவீனம். ஆஸ்துமா வருவதில்லை, காது மந்தமாவதில்லை. இன்னும் வலுவான சாட்சி இதய மாற்று அறுவை. இன்னொருவரின் இதயத்தைப் பொருத்தும்போது அதற்குப் போகும் நரம்புகள் அறுந்தே இருக்கின்றன. முதுகுத்தண்டிலிருந்து சமிக்ஞை வராத நிலையிலும் அந்த இதயம் தொடர்ந்து துடிக்கிறது. நரம்பின் லேசான நெருடலே உறுப்பை நோயில் தள்ளும் என்றால், நரம்பே இல்லாத இந்த இதயம் முதல் நாளே நின்றிருக்க வேண்டும்.

சப்லக்சேஷனை மறுப்பவர்கள் வெளியாட்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 2005இல் ஜோசப் கீட்டிங்கும் கைரோபிராக்டிக் துறையைச் சேர்ந்த அவருடைய சகாக்களும், இது அறிவியலா சமயக் கோட்பாடா என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்து எழுதினார்கள். 2009இல் டிமதி மிர்ட்ஸ் தலைமையில் கைரோபிராக்டர்கள் சிலர், புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ளது போன்ற காரண உறவுகளை எடைபோடப் பயன்படும் பிராட்ஃபோர்ட் ஹில் அளவுகோல்களைக் கொண்டு சப்லக்சேஷனைச் சோதித்தார்கள். ஒரு நோய்க்காவது அது காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்று முடித்தார்கள். பிரிட்டனில் இத்தொழிலைச் சட்டப்படி ஒழுங்குபடுத்தும் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சில் 2010இல் இன்னும் வெளிப்படையாகச் சொன்னது: சப்லக்சேஷன் என்பது வரலாற்றுக் கருத்து, நோய்க்கு அது காரணம் என்று உரிமை கொண்டாடும் அளவுக்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை. ஒரு தொழிலின் கண்காணிப்பு அமைப்பே அந்தத் தொழிலின் மூலக்கோட்பாட்டை இப்படிக் கைகழுவியது வேறெங்கும் எளிதில் பார்க்கக் கிடைக்காத காட்சி.

இனிக் கையின் பக்கம் வருவோம். விளக்கம் தவறு என்பதால் சிகிச்சையும் வீண் என்று சொல்லிவிட முடியாது. சின்கோனா மரப்பட்டை மலேரியாவைக் குணப்படுத்தியபோது, மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். பட்டை தன் வேலையைச் செய்தது. ஆகவே முதுகைத் திருகுவதால் வலி குறைகிறதா என்பதைத் தனியாகவே பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தும் இருக்கிறார்கள். பிரிட்டனில் 1,334 இடுப்புவலிக்காரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய பீம் ஆய்வு 2004இல் வெளியானது. வழக்கமான மருத்துவர் கவனிப்போடு முதுகுத்தண்டுச் சிகிச்சையும் பெற்றவர்கள், 24 புள்ளிகள் கொண்ட இயலாமை அளவில், மூன்று மாத முடிவில் மற்றவர்களைவிடச் சுமார் 1.6 புள்ளி மேலாக இருந்தார்கள். ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் 1 புள்ளியாகச் சுருங்கியது. புதிதாக வந்த இடுப்புவலி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு, 15 சோதனைகளில் 1,711 பேரின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்து, 100க்குச் சுமார் 10 அளவுக்கு வலி குறைவதாகக் கண்டது. நாட்பட்ட வலிக்கு 2019இல் ரூபின்ஸ்டைன் குழு 47 சோதனைகளை, 9,211 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வலியைப் பொறுத்தவரை உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட மற்ற சிகிச்சைகளுக்கு இது ஏறக்குறையச் சமம், நடமாட்டத்தில் சிறிய முன்னேற்றம் உண்டு என்பது அதன் முடிவு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சான்றின் தரம் குறைவு என்ற குறிப்போடு, மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கத்தக்கவற்றுள் இதையும் சேர்த்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும் செய்யலாம் என்றது.

நூற்றுக்குப் பத்து என்பது சிரிக்கத்தக்க அளவு அல்ல, கொண்டாடத்தக்க அளவும் அல்ல. வலி மாத்திரைகள் சில தரும் நிவாரணமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தச் சிறு பலனுக்கும் கைரோபிராக்டிக் தனியுரிமை கோர முடியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பீம் ஆய்வில் சிகிச்சை கொடுத்தவர்களில் கைரோபிராக்டர்கள் மட்டுமல்ல, ஆஸ்டியோபாத்துகளும் பிசியோதெரபிஸ்டுகளும் இருந்தார்கள். மூன்று தரப்பாரும் ஒத்துக்கொண்ட பொதுவான கைமுறைகளைத்தான் எல்லோரும் செய்தார்கள். சப்லக்சேஷனை நம்பியவர் திருகினாலும் நம்பாதவர் திருகினாலும் முதுகுக்கு அந்த வேறுபாடு தெரியாது. 1998இல் அமெரிக்காவில் 321 பேரிடம் நடந்த செர்கின் குழுவின் ஆய்வு இதைவிடக் கூச்சப்படுத்தும் ஒப்பீட்டைச் செய்தது. ஒரு பிரிவுக்குக் கைரோபிராக்டிக், ஒரு பிரிவுக்கு மெக்கன்சி முறை உடற்பயிற்சி, மூன்றாம் பிரிவுக்கு இடுப்புவலியைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்று. முதல் இரண்டு பிரிவுகளும் சமமாக வந்தன. புத்தகம் பெற்றவர்கள் அவர்களைவிடச் சற்றே பின்தங்கினார்கள், அவ்வளவுதான். இரண்டு வருடச் செலவோ கைரோபிராக்டிக் பிரிவில் ஆளுக்கு 429 டாலர், புத்தகப் பிரிவில் 153 டாலர்.

சிகிச்சையின் போது கேட்கும் சொடக்குச் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு அந்தச் சத்தமே நிரூபணம். முதுகருகே மைக்கை வைத்துப் பதிவு செய்த காணொளிகள் கைபேசிகளில் சுற்றுகின்றன. நம்மூர் சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தைப் பிடித்து ஒரு சொடுக்கு சொடுக்கிவிடும் வழக்கத்திலும் இதே நம்பிக்கை இருக்கிறது, சத்தம் வந்தால்தான் ‘எடுபட்டது’. ஆனால் அது எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் அல்ல. விரல் நெட்டி முறிக்கும்போது மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படமெடுத்து 2015இல் காட்டினார்கள். மூட்டுப் பரப்புகள் சட்டென்று விலகும்போது இடையிலுள்ள திரவத்தில் வாயு நிறைந்த குழி ஒன்று உண்டாகிறது, சத்தம் அந்தக் கணத்தோடு சேர்ந்து வருகிறது. முதுகு மூட்டுகளும் அதே வகைத் திரவம் கொண்டவை. குறிவைத்த மூட்டில்தான் சத்தம் வருகிறது என்பதும் உறுதியில்லை. 2004இல் வெளியான ஓர் அளவீட்டில், கீழ்முதுகில் ஏறக்குறையப் பாதித் தடவைதான் குறி தப்பாமல் விழுந்தது. எந்த எலும்பு பிசகியது என்று துல்லியமாகக் கண்டுபிடித்து அதை மட்டும் நிமிர்த்துகிறோம் என்ற பேச்சோடு இது ஒத்துப்போகவில்லை.

“அப்படியென்றால் என்னைப் போன்றவர்களுக்கு ஆஸ்துமா குறைந்தது எப்படி?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அனுபவத்தைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. 1998இல் வெளியான ஒரு கனடா ஆய்வு 91 ஆஸ்துமாக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு உண்மையான கைரோபிராக்டிக், மறு பாதிக்கு அதைப் போலவே தோன்றும் மென்மையான தடவல். இரண்டு பிரிவிலும் மூச்சுத் திணறல் குறைந்தது, இரண்டிலும் குழந்தைகளின் அன்றாடம் இலகுவானது, பிரிவுகளுக்கு இடையே மட்டும் வித்தியாசம் இல்லை. நார்வேயில் 2001இல், ஓயாமல் அழும் 86 கைக்குழந்தைகளை வைத்து இதே மாதிரி செய்தார்கள். யாருக்குச் சிகிச்சை, யாரைத் தாதி வெறுமனே மடியில் வைத்திருந்தார் என்பது பெற்றோருக்குத் தெரியாது. சிகிச்சை பெற்றவர்களில் 70 சதவீதமும் மடியில் இருந்தவர்களில் 60 சதவீதமும் தேறியதாகப் பெற்றோர் சொன்னார்கள், தற்செயலைத் தாண்டிய வேறுபாடு அது அல்ல. குழந்தை அழுகை சில வாரங்களில் தானாக அடங்கும் இயல்புடையது. இடுப்புவலியும் பெரும்பாலும் அப்படித்தான். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடிப் போகிறோம், உச்சத்துக்குப் பிறகு இறக்கம் எப்படியும் வரும். சுளுக்குக்கு இரட்டைப் பிள்ளை பெற்றவர் தடவினால் போதும் என்ற நம்பிக்கை நம்மிடம் இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கும் இந்த இறக்கமே உதவியிருக்க வேண்டும். தேறியவர் பொய் சொல்லவில்லை, தேறியதற்குக் காரணம் எது என்று ஒருவருடைய அனுபவத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிய வழியில்லை, அவ்வளவே.

இன்னொரு ஆட்சேபம் கூர்மையானது: நவீன மருத்துவம் மட்டும் இடுப்புவலியில் என்ன சாதித்துவிட்டது? கேட்க வேண்டிய கேள்விதான். 2020 கணக்கில் உலகில் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி. ஆஸ்திரேலியாவில் 1,652 பேரிடம் நடந்து 2014இல் வெளியான சோதனையில், பாரசிட்டமால் சாப்பிட்டவர்கள் குணமாக 17 நாள் ஆனது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 16 நாள். அதே நாட்டில் 2023இல் ஓபியாய்டு என்னும் அபின் வகை மாத்திரையாலும் வெற்று மாத்திரையை வெல்ல முடியவில்லை. இடுப்புவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைத் தொகுத்த 2015ஆம் வருட ஆய்வில், இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதத்தினருக்கும் வட்டுத் தேய்மானம் தெரிந்தது. அதாவது ஸ்கேனைக் காட்டி “இதோ உங்கள் வலி” என்று சொல்லும் மருத்துவரும், எக்ஸ்ரேயைக் காட்டி “இதோ உங்கள் பிசகு” என்று சொல்லும் கைரோபிராக்டரும் சில சமயம் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். இதையெல்லாம் ஒத்துக்கொள்வதால் பால்மரின் கோட்பாடு பிழைத்துவிடாது. மேலும், பாரசிட்டமாலின் தோல்வியை அம்பலப்படுத்தியது பாரசிட்டமாலைப் பரிந்துரைத்துவந்த அதே மருத்துவம்தான். தோற்றதும் வழிகாட்டுதல்கள் மாறின. 1895இல் சொன்ன ஒன்றைக் கைவிட ஒரு தொழிலின் ஒரு பகுதி இன்னும் தயங்குகிறது என்பதுதான் இரண்டுக்கும் உள்ள இடைவெளி.

நீதிமன்றமே எங்களை ஏற்றுக்கொண்டது என்ற வாதம் அடிக்கடி வரும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963 முதல் போலிவைத்திய ஒழிப்புக் குழு ஒன்றை வைத்துக்கொண்டு, தன் உறுப்பினர்கள் கைரோபிராக்டர்களோடு சேர்ந்து வேலை செய்யக் கூடாது என்று விலக்கம் செய்தது உண்மை. 1976இல் செஸ்டர் வில்க்கும் சிலரும் வழக்குப் போட்டார்கள். 1987இல் நீதிபதி சூசன் கெட்செண்டானர், அந்த விலக்கம் வணிகப் போட்டியை முடக்கும் சதி, சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு நியாயமானது. ஆனால் கைரோபிராக்டிக் அறிவியல்பூர்வமானதா என்று தான் முடிவு சொல்லவில்லை என்பதை அவரே தெளிவாக எழுதினார். பிரிட்டனில் நடந்தது இதற்கு நேர் எதிர்த் திசை. குழந்தைகளின் ஆஸ்துமா, காது நோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை தருவதாகச் சொன்ன பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கத்தை விமர்சித்து அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் 2008இல் கார்டியன் நாளிதழில் எழுதினார். சங்கம் அவர்மீது அவதூறு வழக்குப் போட்டது. அது விமர்சகரின் கருத்துரிமை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 ஏப்ரலில் சொன்னதும் சங்கம் வழக்கைக் கைவிட்டது. இந்தச் சச்சரவு இங்கிலாந்தில் அவதூறுச் சட்டத்தை 2013இல் திருத்தவும் ஒரு தூண்டுகோலானது. இந்தக் கதையை விமர்சகர்கள் தங்கள் வெற்றியாகச் சொல்வார்கள், ஆனால் இந்த வழக்கும் ஆஸ்துமாவைப் பற்றி எதையும் தீர்மானிக்கவில்லை. 91 குழந்தைகளை வைத்து நடந்த சோதனை செய்த வேலையை நீதிபதிகளால் செய்ய முடியாது.

ஆபத்து பற்றிய பேச்சில் இரு தரப்பாரும் அளவு மீறுகிறார்கள். மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனி, கழுத்து முள்ளெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக ஏறி, உச்சியில் கூர்மையாக வளைந்து மண்டைக்குள் நுழைகிறது. கழுத்தைச் சட்டென்று திருகும்போது அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வர வாய்ப்பு உண்டு என்ற அச்சம் இங்கிருந்து வருகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 818 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, கைரோபிராக்டரிடம் போனவர்களிடம் தெரிந்த அதே தொடர்பு குடும்ப மருத்துவரிடம் போனவர்களிடமும் தெரிகிறது என்றது. தமனி கிழியத் தொடங்கும்போதே கழுத்து வலிக்கும், வலிப்பவர் யாரிடமாவது போவார், ஆகவே தொடர்பு இருப்பதால் மட்டும் திருகல்தான் காரணம் என்றாகிவிடாது. இது நியாயமான விளக்கம். ஆனால் அதே விளக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், ஏற்கெனவே கிழிந்துகொண்டிருக்கும் தமனியோடு ஒருவர் சாதாரணக் கழுத்துவலி என்று வந்து படுக்கக்கூடும் என்றும் பொருள். அமெரிக்க இதயச் சங்கம் 2014இல், இது அரிதானது, காரண உறவு நிரூபணமாகவில்லை, என்றாலும் கழுத்தைத் திருகும் முன் இந்தச் சாத்தியத்தை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்றது. பலனும் சிறியது, ஆபத்தும் மிகச் சிறியது என்னும்போது கணக்கு இடுப்புக்கு ஒரு மாதிரியும் கழுத்துக்கு வேறு மாதிரியும் வரும். பலனே காட்டப்படாத ஆஸ்துமாவுக்காகக் கழுத்தைக் கொடுத்தால், தராசின் ஒரு தட்டு காலி. சலூன் நாற்காலியிலோ இரு தட்டுகளையும் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை.

இன்று இந்தத் தொழில் உள்ளுக்குள் பிளந்து கிடக்கிறது. டென்மார்க்கின் ஓடென்ஸில் கைரோபிராக்டிக் மாணவர்கள் 1994 முதல் மருத்துவ மாணவர்களோடு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்கிறார்கள். சப்லக்சேஷனை நோய்க்குக் காரணமாகக் கற்பிப்பதற்குச் சான்றில்லை என்று ஐரோப்பியக் கல்வி நிறுவனங்கள் சில கூட்டறிக்கையே விட்டிருக்கின்றன. அங்கே படித்து வெளிவருபவர் முதுகைப் பரிசோதிப்பார், திருகிவிடுவார், பயிற்சி சொல்லித்தருவார், புற்றுநோயோ எலும்பு முறிவோ என்று சந்தேகப்பட்டால் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார். இன்னொரு பக்கம், நோயே இல்லாதவரும் மாதாமாதம் முதுகைச் ‘சரிபார்த்துக்கொள்ள’ வர வேண்டும் என்று சொல்லும் மருத்துவகங்கள் நடக்கின்றன. முதல் வகையினர் நேர்மையாகச் சான்றோடு நடக்கிறவர்கள். அவர்கள் முன்னால் ஒரு சங்கடமான கேள்வி நிற்கிறது: கைரோபிராக்டிக்கைப் பிசியோதெரபியிலிருந்து தனித் தொழிலாகப் பிரித்தது பால்மரின் கோட்பாடுதான். அந்தக் கோட்பாட்டைக் கழித்துவிட்டால் மிஞ்சும் கைவேலை பிசியோதெரபிஸ்டும் செய்வது. அப்போது அந்தத் தனிப் பெயர் எதைக் குறிக்கும் என்பதற்கு ஓடென்ஸின் பாடத்திட்டம் ஒரு பதில் சொல்கிறது, பால்மரின் பள்ளி இன்னும் நடக்கும் டேவன்போர்ட் வேறொரு பதிலோடு தொடங்கியது.